லேஅவுட்டை நகர்த்தணுமா? முதல்ல ஆரிஜின் எங்கேன்னு பாருங்க

சிப் டிசைன் படிக்கிறவங்க, லேப்டாப்ல சும்மா கேலேஅவுட் போட்டுத் திறந்து பார்த்தவங்க, உங்க எல்லாருக்குமான எபிசோட் இது. இன்னைக்கு ஒரே ஒரு வேலையைப் பத்திப் பேசப்போறோம்: வரைஞ்சு முடிச்ச லேஅவுட்டை இடம் மாத்துறது.

"இதுல என்ன இருக்கு? எல்லாத்தையும் செலக்ட் பண்ணி இழுத்து விட வேண்டியதுதானே?" அப்படின்னு தோணும். ஒரு படத்தை நகர்த்துறதா இருந்தா அது சரி. ஆனா லேஅவுட் படம் இல்லை. ஃபேப்ல மாஸ்க் செய்யப்போற அளவுகளோட பட்டியல் அது. அதுல இருக்கிற ஒவ்வொரு மூலையும் ஒரு எண். அந்த எண்கள் எல்லாமே ஒரே ஒரு புள்ளியில இருந்து அளந்தவை. அந்தப் புள்ளிதான் ஆரிஜின், அதாவது 0,0.

மனை அளக்கும்போது எல்லைக்கல்லைப் பிடிச்சுத்தான் எல்லாத்தையும் அளப்பாங்க. கல்லுல இருந்து இத்தனை அடியில கிணறு, இத்தனை அடியில வீடுன்னு பத்திரத்துல எழுதியிருக்கும். ராத்திரியோட ராத்திரியா யாராவது கல்லைப் பிடுங்கி வேற இடத்துல நட்டுட்டா? கிணறும் வீடும் அப்படியேதான் இருக்கும். பத்திரத்துல இருக்கிற அளவு அத்தனையும் தப்பாயிடும். ஆரிஜின் விஷயமும் இதேதான்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். நீங்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வரைஞ்சிருக்கீங்க. அதோட இடது கீழ் மூலை எக்ஸ் 37.120, ஒய் மைனஸ் 12.460 மைக்ரான்ல இருக்கு. அந்த மூலை சரியா 0,0-ல வரணும்னு டீம்ல கேட்கிறாங்க. இப்போ உங்க முன்னாடி மூணு வழி இருக்கு. திரையில மூணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். விளைவு வேற வேற.

முதல் வழி, செல்லுக்குள்ள போய் வடிவங்களை நகர்த்துறது. இங்கே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும். சிப் டிசைன்ல ஒரு செல்லை ஒரு தடவைதான் வரைவோம், பல இடத்துல வைப்போம். வைக்கிற ஒவ்வொண்ணும் ஒரு இன்ஸ்டன்ஸ். அந்த செல்லை 200 இடத்துல வெச்சிருந்தா, உள்ளே நீங்க செய்ற ஒரு நகர்வு 200 இடத்துலயும் நடக்கும்.

ரெண்டாவது, மேல் செல்லுல இருந்துக்கிட்டு ஒரு இன்ஸ்டன்ஸை மட்டும் நகர்த்துறது. அது ஒண்ணுதான் நகரும். செல்லுக்குள்ள இருக்கிற எந்த எண்ணும் மாறாது.

மூணாவது, ஆரிஜினையே மாத்துறது. கேலேஅவுட்ல எடிட் மெனுவுக்குள்ள, செல் பகுதியில இதுக்குன்னே ஒரு கட்டளை இருக்கு. கணக்குப்படி பார்த்தா இதுவும் முதல் வழியும் ஒண்ணுதான்: கல்லை வலது பக்கம் நகர்த்துறதும், வீட்டை இடது பக்கம் நகர்த்துறதும் ஒரே கணக்கு. வித்தியாசம் எங்கேன்னா, இந்தக் கட்டளையில மேல் செல்கள்ல இருக்கிற இன்ஸ்டன்ஸ்களையும் சேர்த்துச் சரிபண்ணச் சொல்ற ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை டிக் பண்ணினா, உள்ளே எண்கள் மாறினாலும் வெளியே இருந்து பார்க்கிறப்போ எதுவும் அசையாது.

ஆனா சாஃப்ட்வேர் சரிபண்றது அந்த ஃபைலுக்குள்ள இருக்கிறதை மட்டும்தான். உங்க நண்பர் இன்னொரு ஃபைல்ல இதே செல்லை வெச்சிருந்தா, அது அவருக்குத் தெரியப்போறதில்லை. இதைவிட பெரிய ஆபத்து லெஃப் ஃபைல். ரவுட்டிங் பண்ற டூல் உங்க முழு லேஅவுட்டையும் பார்க்காது. பின் எங்கே, எல்லை எங்கேன்னு சுருக்கமா சொல்ற லெஃப் ஃபைலைத்தான் நம்பும். ஜிடிஎஸ்ல ஆரிஜினை மாத்திட்டு லெஃபை மாத்தாம விட்டா, பழைய முகவரிக்குத்தான் வயர் போகும். பின் அங்கே இருக்காது. பிளாக்கைத் தனியா டிஆர்சி ஓட்டினா ஒரு குறையும் வராது. எல்லாத்தையும் சேர்த்து எல்விஎஸ் ஓட்டும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். அதையும் ஓட்டாம அனுப்பினா, சிப் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். மாஸ்க் செஞ்ச பிறகு கன்ட்ரோல் இசட் கிடையாது.

அடுத்தது கிரிட். புள்ளிக் கோலத்தை நினைச்சுக்கோங்க. கோலத்தை ஒரு புள்ளி தள்ளிப் போட்டா அது கோலமாத்தான் இருக்கும். கால் புள்ளி தள்ளினா ஒரு கோடும் எதோடயும் சேராது. ஜிடிஎஸ் ஃபைல்ல அளவுகள் முழு எண்களாத்தான் சேமிக்கப்படும், வழக்கமா 1 நானோமீட்டர் அலகுல. ஆனா ஃபேபோட கிரிட் அதைவிடப் பெரிசு. கூகுளும் ஸ்கைவாட்டரும் 2020-ல திறந்துவிட்ட ஸ்கை130-ல அது 5 நானோமீட்டர். நீங்க மவுஸால 3 நானோமீட்டர் இழுத்துட்டா, அத்தனை மூலையும் கிரிட்டை விட்டு வெளியே. ஒரே தப்பு, ஆயிரக்கணக்குல டிஆர்சி எர்ரர்.

இதே காரணத்துக்காகத்தான் பிளாக்கோட நடுப்புள்ளியை ஆரிஜினா வைக்கிறதுலயும் கவனம் வேணும். அகலம் 10.005 மைக்ரான்னு வெச்சுக்கோங்க. பாதி 5.0025. ஃபைல்ல அதை எழுதவே முடியாது. 5.002-ன்னோ 5.003-ன்னோ மாறும், ரெண்டுமே 5 நானோமீட்டர் கிரிட்ல இல்லை. இடது கீழ் மூலையைப் பிடிச்சு வெச்சா இந்தத் தொல்லை வராது.

இன்னொரு பொறி, மறைச்சு வெச்ச லேயர். வேலை வசதிக்காக சில லேயரை மறைச்சிருப்போம். கேலேஅவுட்ல செலக்ட் ஆல் கொடுத்தா, கண்ணுக்குத் தெரியுற லேயர்தான் பிடிபடும். மெட்டல் நகரும், மறைஞ்சிருந்த லேபிளும் எல்லைக் கோடும் பழைய இடத்துலயே நிக்கும். அதனால இழுக்காதீங்க. எவ்வளவு நகரணும்னு எண்ணா கொடுக்கிற கட்டளையைப் பயன்படுத்துங்க. அதுக்கு முன்னாடி எல்லா லேயரையும் திறந்து வைங்க.

சுழற்றும்போதும் ஆரிஜின்தான் அச்சாணி. செல்லை 90 டிகிரி திருப்பி வெச்சா, அது தன் ஆரிஜினைச் சுத்தித்தான் திரும்பும். ஆரிஜின் நூறு மைக்ரான் தள்ளி இருந்தா, ராட்டினம் மாதிரி பிளாக் எங்கேயோ போய் நிக்கும்.

சரி, நகர்த்தினது சரியான்னு எப்படி உறுதிப்படுத்துறது? முதல்ல பழைய ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைங்க. இன்ஸ்டன்ஸ்களையும் சேர்த்துச் சரிபண்ணி ஆரிஜினை மாத்தியிருந்தா, பழைய டாப் செல்லையும் புது டாப் செல்லையும் கேலேஅவுட்டோட எக்ஸ்ஓஆர் டூல்ல போட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை மட்டும் அது காட்டும். காலியா வரணும். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் எங்கேயோ ஏதோ அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் லெஃபைப் புதுசா எடுங்க. டிஆர்சி, எல்விஎஸ் ரெண்டையும் டாப்ல இருந்து ஓட்டுங்க.

இது பெரிய கம்பெனிக்காரங்க கவலைன்னு நினைக்காதீங்க. 2022-ல ஆரம்பிச்ச டைனி டேப்அவுட்ல மாணவர்களே தங்க டிசைனை நிஜ சிப்ல ஏத்துறாங்க. பல பேரோட டிசைன் ஒரே சிப்ல பக்கத்துப் பக்கத்துல உட்காரும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்ன மனை, பின் எங்கே இருக்கணும்னு முன்கூட்டியே குறிச்சுக் கொடுத்த இடம். நம்ம பின் அந்த எண்ணுல இல்லைன்னா இணைப்பு இல்லை. அந்த ரவுண்டை விட்டா அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால அடுத்த தடவை லேஅவுட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க. எது நகருது, வீடா கல்லா? அந்தக் கல்லை நம்பி வேற யாரெல்லாம் அளந்து வெச்சிருக்காங்க? ரெண்டுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு நகர்த்துங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.