தீவுக்குப் போகும் மூட்டை



நிக்கோபார் தீவுகளில் வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு மருந்தும் துணியும் அனுப்ப விரும்புகிறோம், மருத்துவமனை மூலமாக அனுப்பித் தருவீர்களா என்று சில சபையார் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய அன்புக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். பதில் சொல்லுமுன், அந்த மூட்டை போகவேண்டிய வழியை விளக்குவது எங்கள் கடமை.

காஞ்சிபுரத்து நெசவாளருக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்து சேருகிறது. ஒரு லாரி தவறினால் அடுத்த லாரி வரும். ஆகவே தூரத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. கடல் அப்படிப்பட்டதல்ல.

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1,300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் சுமார் மூன்று நாள். கப்பலோ மாதத்தில் சில தடவைதான் புறப்படும். அங்கே இறக்கிய சுமை வேறொரு கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். கார் நிக்கோபார் இன்னும் 270 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அதற்கும் அப்பால் சௌரா, தெரெசா, கச்சால், நன்கவுரி, கமோர்ட்டா தீவுகள். பெரிய கப்பல் கரையை அணைய முடியாத இடத்தில், அலையில் ஆடும் படகுக்குச் சுமையை மாற்றவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதுவும் பல நாள் முடியாமற்போகும். ஹெலிகாப்டர் உண்டு, சிலரையும் சிறு சுமையையும் மாத்திரம் ஏற்றும்.

மூட்டையோடு நாமே போகலாமே என்பீர்கள். பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, வெளியார் அனுமதியின்றி அங்கே நுழையக்கூடாது. அந்த மக்களின் நிலத்தையும் வாழ்வையும் காக்கும் நல்ல சட்டம் அது.

மருந்துக்கோ இன்னொரு சோதனை. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கவேண்டும். வெயிலில் கெடுபவை உண்டு; உறைந்தால் கெடுபவையும் உண்டு. கப்பல் தாமதித்துப் பனிக்கட்டி உருகினால், வந்து சேருவது மருந்துப் புட்டி, மருந்தல்ல.

எங்கள் குறையையும் மறைக்க விரும்பவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில் சுனாமி அந்தத் தீவுகளை அடித்தது. படகுத்துறைகள் உடைந்தன, தென்னந்தோப்புகள் அழிந்தன. கொப்பரையை விற்று அரிசி வாங்கிய குடும்பங்களுக்கு இரண்டும் இல்லாமற்போயிற்று. அப்போது நாங்களும் ஆத்திர அவசரமாகப் பழைய துணிகளைச் சேகரித்தோம். என்ன வேண்டும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அனுமதியும் கப்பலில் இடமும் கிடைக்குமுன் பாதி மூட்டைகள் எங்கள் கிடங்கிலேயே பூஞ்சை பிடித்தன. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்ததையும் அந்நாட்களில் எல்லாரும் கண்டோம்.

நிக்கோபார் மக்கள் கையேந்தி நிற்பவர்கள் அல்லர். சௌராத் தீவில் வனைந்த மண்பானைகளை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோணிகளில் மற்றத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். புதிய ஏற்பாட்டைத் தங்கள் மொழியில் பெறும்படி உழைத்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் அவர்களில் ஒருவர். 1952இல் முதல் மக்களவையிலும் அமர்ந்தார். தங்களுக்கு என்ன தேவை, எந்தக் கப்பலில் வரவேண்டும் என்பதை அவர்களே நன்கு அறிவார்கள்.

ஆகவே மூட்டைகளை எங்களுக்கு அனுப்பவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். அங்குள்ள சபையார் எழுதும் பட்டியலுக்குக் காத்திருப்போம். அதில் உள்ளது ஸ்ரீ விஜயபுரத்திலேயே கிடைக்குமானால் அங்கேயே வாங்குவது நலம். ஒரு கடல் மிச்சமாகும். உங்கள் காணிக்கை அதற்கு உதவும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28ஆம் அதிகாரங்களை இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். கப்பல் உடைந்து கரையேறிய பவுலுக்கும் மற்றவர்களுக்கும் உதவினவர்கள் மெலித்தா தீவின் மக்களே. முதலில் குளிருக்கு நெருப்பு மூட்டினார்கள். புறப்படும் நாளில் பயணத்துக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். தேவையறிந்து கொடுக்கும் அந்த வரத்தைக் கர்த்தர் நமக்கும் அருளுவாராக.