சாந்தினி சௌக், பழைய தில்லி

ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650 வாக்கில் அமைத்த கடைவீதி இது. அன்று நடுவே கால்வாய் ஓடியது. ஒரு குளமும் இருந்தது. குளத்தின் இடத்தில் ஆங்கிலேயர் மணிக்கூண்டு எழுப்பினார்கள். இன்று அதுவும் இல்லை. 2021 முதல் பகலில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை; சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மட்டும் ஒதுங்கி நடங்கள்.

செங்கோட்டையிலிருந்து வந்தால் இடப்புறம் முதலில் தரீபா கலான், வெள்ளி நகைத் தெரு. அடுத்து, 1675இல் சீக்கிய குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடத்தில் சீஸ்கஞ்ச் குருத்வாரா.

தரீபாவுக்குள் போய்த் திரும்பினால் கினாரி பஜார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் சந்து. கல்யாணத் தலைப்பாகைகளும் ஜரிகைச் சுருள்களும் தலைக்குமேல் தொங்கும். ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே போய்ப் பாருங்கள். சாந்தினி சௌக் வீதியின் மேற்குக் கோடியில் பதேபுரி மசூதி.