உங்களுக்குத் தெரியுமா? பூக்காத ஐவியின் ரகசியம்

ஐரோப்பிய வீடுகளின் பால்கனிப் பெட்டிகளில் தொங்கும் ஐவிக் கொடி பெரும்பாலும் பூப்பதில்லை. காரணம், அது இன்னும் இளம்பருவத்தில்தான் இருக்கிறது! 3 முதல் 5 மடல் கொண்ட இலை இளங்கொடிக்கு உரியது. மரத்திலோ சுவரிலோ உயர ஏறி, நல்ல வெயிலைத் தொட்ட பிறகே மடலில்லாத இலை விட்டு, இலையுதிர் காலத்தில் பூக்கும். வேறு பூக்கள் அருகிவிட்ட அந்த நாட்களில் தேனீக்களுக்கு அது பெருவிருந்து. இன்னும் வியப்பு: பூக்கும் கிளையை வெட்டி நட்டால் பொதுவாகக் கொடியாகப் படராது, புதராகவே வளரும்!

பெட்டியில் வளர்ப்பவர்கள் மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும்; அடியில் தேங்கினால் வேர் அழுகிவிடும். வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும். இலையைத் திருப்பி, மெல்லிய வலை தெரிகிறதா என்று பாருங்கள். கத்தரிக்கும்போது கையுறை அவசியம்; சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.