கூம்புக் குழாயும் வால்வு ஒளியும்

பட்டாசு ஓசைக்குப் பழகிய நம் சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில், 'இன்று இவ்வூரில் திருமணம்' என்று வைகறையிலேயே அறிவித்தது மைக் செட்டுக்காரரின் கூம்புக் குழாயே. மரக்கிளையில் கட்டிய அக்குழாய் அடுத்த ஊரையும் எழுப்பிவிடும்!

சிறிய வால்வு ஆம்பிளிஃபயருக்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்தது? உள்ளிருக்கும் மெல்லிய தகட்டின் அதிர்வை, விரிந்து செல்லும் கூம்பு அதிகம் வீணாக்காமல் வெளிக்காற்றிடம் ஒப்படைக்கின்றது. தவிலின் ஆழ்ந்த ஒலி அதில் தேய்ந்துபோகும். மனிதக் குரலோ தெளிந்து நிற்கும். இக்குறையையே இனிமையாகக் கொள்ளும் ஆர்வலர் தென்மாவட்டங்களில் இன்றும் உளர். பழைய கேரார்டு ரிக்கார்டு பிளேயர், வால்வுகள், நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்கு இசைத்தட்டுகள் ஆகியவற்றை அவர்கள் அரும்பாடுபட்டுத் தேடிச் சேர்க்கின்றனர். வால்வு சூடேறிச் செந்நிறம் கொள்ளும்வரை காத்திருப்பதும் அவர்களுக்கு இன்பமே.

ஆயினும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசையும் ஒலிபெருக்கியையும் ஒரே தீர்ப்பில் ஆராய்ந்தது. நோயாளிகளையும் தேர்வெழுதும் பிள்ளைகளையும் எண்ணின், அது நியாயமே. அத்துடன் வைகறைப் பாட்டும் நின்றது. ஊருக்கென்று செய்த குழாயை, ஆர்வலர் தம் வீட்டறைக்குள் ஒலியைத் தாழ்த்திக் கேட்க வேண்டியவராயினர்.