பிளாட் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்



சென்னை பெரம்பூரில் ஆயிரக்கணக்கானோர் துணி நெய்த பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பிள்ளைகளின் வேலையை முன்னிட்டு, ஊர் மனையையும் நகையையும் விற்று இத்தகைய பகுதிகளில் பிளாட் வாங்க நம்மவர்களும் முன்வருகிறார்கள். அவர்களுக்காகச் சில விவரங்கள்.

கட்டடம் பழசாகும், மதிப்பு நிற்பது மண்ணில்தான். பிளாட் வாங்குபவருக்கு மனையில் சேரும் பங்கைப் ‘பிரிபடாத பாகம்’ என்பார்கள். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் 12 வீடுகள் என்றால், ஆளுக்கு 400 சதுர அடி. கிரயப் பத்திரத்தில் இது குறைவாக எழுதப்பட்டால், பின்னாளில் இடித்துக் கட்டும்போதும் விற்கும்போதும் நஷ்டம் உங்களுக்கே.

புதிய பிளாட் என்றால் 2016-ஆம் ஆண்டின் ‘ரெரா’ சட்டப்படி திட்டம் பதிவாகியுள்ளதா எனப் பாருங்கள். அச்சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை அவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

பழைய பிளாட் என்றால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பராமரிப்புப் பாக்கி மூன்றையும் கேளுங்கள். விற்பவராக இருந்தால், ஒழுகும் கூரையையும் அடமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் ஆகுமானதல்ல.

தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் பத்திர நகலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.