'அஸ்தி' என்னும் வினை

வடமொழி பயிலப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் வினைகளுள் ஒன்று 'அஸ்தி'. 'உளது' என்பது அதன் பொருள். ஈமச் சடங்கில் நாம் கூறும் 'அஸ்தி' இதுவன்று. அது எலும்பைக் குறிக்கும் வேறு சொல்.

ஒருமையில் 'அஸ்தி', பன்மையில் 'ஸந்தி'. 'அஸ்' என்னும் பகுதியின் அகரம் பன்மையில் எங்கே போயிற்று? பழங்காலத்தில் ஒலியழுத்தம் ஒருமையில் பகுதியின்மேலும், பன்மையில் விகுதியின்மேலும் விழுந்தது. அழுத்தம் இழந்த அகரம் தேய்ந்து மறைந்தது. இலத்தீனில் 'எஸ்ட்', 'ஸுண்ட்' என்றும், செருமானியத்தில் 'இஸ்ட்', 'ஸிண்ட்' என்றும் இதே வேறுபாடு நிற்பதைக் காண்க. வாய்பாட்டை உருப்போடுவதோடு அமைவோர் இவ்வுறவைக் காணாமலே போகின்றனர்.

இவ்வினைக்கு ஒரு குறையும் உண்டு. 'இருந்தது' என்பதற்கு 'ஆஸீத்' உண்டு. 'இருக்கட்டும்' என்பதற்கு 'அஸ்து' உண்டு. எதிர்காலத்திற்கோ தனக்கென வடிவம் இல்லை. அங்கே 'பூ' என்னும் வேறொரு பகுதி வந்து 'பவிஷ்யதி' என நிற்கும். இத்தகைய இடங்களுக்கென்றே பாணினி ஒரு சூத்திரம் வகுத்துள்ளார். 'அஸ்' இருத்தல், 'பூ' ஆதல். வரப்போவது இனிமேல்தான் ஆகவேண்டியது அன்றோ!

'இவன் இராமன்' போன்ற தொடர்களில், தமிழிற்போலவே, வடமொழியிலும் இவ்வினை தோன்றாது நிற்கலாம். தொடரின் தலையில் வந்தாலோ, 'உண்டு' என்று அழுத்திச் சொல்லும். காளிதாசர் குமாரசம்பவத்தை இச்சொல்லைக்கொண்டே தொடங்கி, வடதிசையில் இமயம் உண்டு என்கிறார்.

வினைமுற்றாகிய இச்சொல்லிலிருந்தே 'ஆஸ்திகன்', 'நாஸ்திகன்' என்னும் பெயர்களும் பிறந்தன. தமிழில் அவை ஆத்திகன், நாத்திகன் ஆயின. மறுவுலகம் உண்டு என்பவன் முன்னவன், இல்லை என்பவன் பின்னவன் என்பது பாணினி நூலுக்குக் காசிகை தரும் விளக்கம். கடவுளைப் பற்றிய பேச்சு அவ்விளக்கத்தில் இல்லை.