தேய்ந்த டயர் சொன்ன சேதி

ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். சக்கரம் தேய்ந்தால் சக்கரத்தைத் திட்டாதே, அச்சைப் பார் என்பது அங்கே கற்ற முதல் பாடம். போகியின் இரு அச்சுகளும் இணையாக இல்லாவிட்டால், சில சக்கரங்களின் ஃபிளாஞ்ச் மட்டும் கத்தி போலத் தேய்ந்துவிடும்.

அந்தப் பாடம் ஓய்வுக்குப் பிறகும் உதவியது. என் அண்ணன் மகனுக்குக் கார் பந்தய மோகம். கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் திறக்கப்பட்ட புத் பந்தயத் தடத்தில் தன் சிறிய காரை ஓட்டுவான். ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள். அதே காரில்தான் மனைவி, குழந்தையோடு ஆக்ராவுக்கும் போவான்.

"சித்தப்பா, முன் டயர் இரண்டும் நாலே மாதத்தில் போய்விட்டன" என்றான்.

குனிந்து பார்த்தேன். வெளி ஓரம் புதுசு போல இருந்தது. உள் ஓரத்தில் நூல் தெரிந்தது. இந்த டயரிலா எக்ஸ்பிரஸ்வேயில் குழந்தையோடு போனான்! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வளைவில் கார் சாயும்போது டயர் முழுதாகத் தரையைப் பற்றுவதற்காக, சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உள்ளே சாய்த்து வைப்பார்கள். இதற்குக் கேம்பர் என்று பெயர். ஒரு பட்டறையில் இதைக் கூட்டியிருந்தான். நண்பர்கள் பழியை அதன்மேல் போட்டார்கள். நான் டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டினேன். ஒரு திசையில் வழவழப்பு. மறு திசையில் ரம்பப் பல் போல உறுத்தியது. வெறும் சாய்வால் இப்படித் தேயாது. டயர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, காற்றழுத்தம் பார்த்து, ஸ்டீயரிங்கை நேராக்கினோம். இருபுறமும் சக்கர மைய உயரத்தில், காருக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் அளந்தோம். ஒவ்வொரு சக்கரமும் முன்புறம் 3 மில்லிமீட்டர் வெளியே திரும்பியிருந்தது. ரிம் 380 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய 8 மீட்டர் பக்கவாட்டுத் தேய்ப்பு!

டோ எனப்படும் இந்தக் கோணம், கேம்பரை மாற்றினால் தானும் மாறும். ஆகவே கடைசியில் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும். பட்டறையில் அதை விட்டுவிட்டார்கள். டை-ராட் நட்டைத் தளர்த்தி, இருபுறமும் சம அளவு திருகி நேராக்கினோம். கேம்பரைத் தொடவில்லை. புது டயர்கள் இப்போது சீராகத் தேய்கின்றன.

அன்பர்களே, பந்தயம் ஓட்டாதவர்களும் மாதம் ஒருமுறை டயரின் உள் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் அது கண்ணில் படாது.